பதினோரு நறுக்கும் பன்னிரண்டு இறுதியும்

மகரகேது மன்னருக்குத் தம் போர்க்கோல ஓவியம் ஒருநாளும் திருப்தியானதில்லை. பத்து முழத் திரைச்சீலையில் வரையச் சொல்வார். மீசை போதாது என்பார். புதிதாக இன்னொன்று வரைய வேண்டும். பழையதையும் எறிய விடமாட்டார். எல்லாவற்றுக்கும் தாமே பெயர் சூட்டுவார்: 'இறுதி', 'மெய்யான இறுதி', 'இதுவே இறுதி'. இப்படிப் பன்னிரண்டு இறுதிகள் சேர்ந்துவிட்டன.

ஒருநாள் ஆணை பிறந்தது. பன்னிரண்டும் சரித்திர ஏட்டுப் பெட்டியிலேயே அடங்க வேண்டும். பெட்டியை ஒரே ஆள் தூக்க வேண்டும். தவறினால் ஏடு காக்கும் இளநாகன் யானைக்கொட்டிலில் சாணி அள்ள வேண்டியதுதான். இந்த யோசனையைச் சொன்னவர் அமைச்சர் வல்லபராயர். அவர் மைத்துனருக்கு இளநாகனின் வேலைமீது வெகுநாளாய் ஒரு கண்.

எட்டாம் நாள் இளநாகன் பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு சபைக்கு வந்தான். உள்ளே வெறும் ஓலை நறுக்குகள். திரைகளைப் பண்டகசாலையில் ஆணிகளில் மாட்டியிருந்தான். ஓவியத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் நறுக்கில் பெயர்: 'யானை மூன்று, பகைவர் நாற்பது, மீசை நான்கு விரல்' என்று நுனிவரை ஓடும். அதே பெயர் ஆணிக்கு மேலும் இருந்தது. மன்னர் எந்த நறுக்கை எடுத்துக் கொடுத்தாலும், வெற்றிலை மடிப்பதற்குள் அந்தத் திரை வந்து நின்றது. மன்னருக்கு உள்ளூர மகிழ்ச்சிதான்.

வல்லபராயருக்குப் பொறுக்கவில்லை. நறுக்குகளை எண்ணினார். பதினொன்றுதான் இருந்தன. மன்னரின் திருவுருவம் ஒன்றை இவன் தொலைத்துவிட்டான் என்றார். மன்னர் முகம் சிவந்தது. சாணி நாற்றம் அப்போதே இளநாகனின் மூக்கில் ஏறியது.

"தொலையவில்லை மன்னா. 'மெய்யான இறுதி'க்கும் 'இதுவே இறுதி'க்கும் நறுக்கில் ஒரே பெயர் வந்தது. இரண்டும் ஒரே ஆணியில் தொங்குகின்றன" என்றான்.

"அதெப்படி? 'இதுவே இறுதி'யில் ஒரு திருத்தம் சொல்லியிருந்தேனே."

என்ன திருத்தம் என்று இளநாகன் பணிவாகக் கேட்டான். மன்னர் விதானத்தைப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், "தொப்பையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னேன்" என்றார்.

"தொப்பையையும் நூல் பிடித்து அளந்தே நறுக்கில் எழுதினேன் மன்னா. 'மெய்யான இறுதி'யில் பத்தொன்பது விரல். 'இதுவே இறுதி'யிலும் பத்தொன்பது விரல். தாங்கள் சூட்டிய பெயர்தான் மாறியிருக்கிறது."

மன்னர் சிரித்தார், பத்தொன்பது விரலும் குலுங்கக் குலுங்க. கழுத்து முத்துமாலையைக் கழற்றி இளநாகனுக்குப் போட்டார். கொட்டில் வேலைக்கு வல்லபராயரின் மைத்துனரை அனுப்பச் சொன்னார்.

விடைபெறும்போது இளநாகனை அருகே அழைத்து, காதோடு சொன்னார்: "நறுக்கில் மீசையை முதலில் எழுது. அந்தப் பத்தொன்பதைக் கடைசியில் வை, பொடி எழுத்தில்."