துளசிமணிக்குப் பிடித்த பாட்டு

"இப்பல்லாம் எந்தப் பாட்டும் என்னை ஒண்ணும் செய்யறதில்லைங்க."

சென்னியப்பன் இதைச் சொன்னபோது வடிவாம்பாள் அம்மை மாட்டுக்குச் சோளத்தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

மலையடிவாரத்தில் ஆசிரமம் என்று ஊரார் சொன்ன இடத்தில் ஓர் ஓட்டு வீடும், ஒரு கிணறும், இரண்டு மாடுகளும் இருந்தன. அம்மைக்கு நாற்பது வயது இருக்கலாம். வந்தவர் அவரைவிடப் பெரியவர். கோயம்புத்தூரில் பம்புசெட் பட்டறை வைத்திருந்து, அதைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டு, பாட்டுக் கேட்பதையே வேலையாக்கிக்கொண்டவர்.

"முன்னாடி என்ன செய்யும்?" என்றார் அம்மை.

"அழ வைக்கும். சில பாட்டுக் கேட்டா அன்னைக்குச் சோறு எறங்காது."

"இப்ப?"

"சத்தம் நல்லாக் கேக்குது. அவ்வளவுதான். ஸ்பீக்கரை மாத்தினேன். ஒயரை மாத்தினேன். ரெக்கார்டு பிளேயருக்கு வெளிநாட்டு ஊசி வரவழைச்சேன். இன்னும் நல்லாக் கேக்குது."

அம்மை நறுக்கியதைக் கூடையில் அள்ளினார்.

"என்னென்ன கேப்பீங்க?"

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

விடிந்ததும் நாதஸ்வரம். அதிலும் ஆவுடையார்பட்டி சாமிநாதன்தான். அவர் தோடியை எடுத்தால் கையிலிருக்கும் காபி ஆறிப்போகும். மத்தியானம் இந்துஸ்தானிப் பாடகி நூர்பானு பாயின் தும்ரி. பாஷை புரியாது, புரியவும் வேண்டாம். வெயில் தாழ்ந்தால் அண்ணன் தம்பி ஆறு பேர் கைதட்டிப் பாடும் கவாலி. மழை பெய்தால் மட்டும் ஜாஸ் டிரம்பெட். சினிமாப் பாட்டு என்றால் கறுப்பு வெள்ளைப் படங்களோடு சரி. கலர் வந்த பிறகு வந்த எதையும் அவர் வீட்டுக்குள் விட்டதில்லை.

"எல்லாத்தையும் தனித்தனியாப் பிரிச்சு அடுக்கி வெச்சிருக்கேனுங்க. தனி ரூமு. சுவத்துக்கு உள்ளாற தேங்கா நாரு அடைச்சிருக்கேன். வெளிச்சத்தம் உள்ள வராது. உள்சத்தம் வெளிய போகாது."

"வீட்ல யாரு இருக்காங்க?"

"சம்சாரம். துளசிமணி. ஒரே பொண்ணு, அது மெட்ராஸ்ல இருக்குது. எங்களுக்குள்ள பேச்சு வார்த்தை இல்லைங்க."

அம்மை அதைப் பற்றி மேலே கேட்கவில்லை.

"உங்க சம்சாரத்துக்கு யார் பாட்டுப் பிடிக்கும்?"

"அவளுக்குச் சங்கீதம் எல்லாம் தெரியாதுங்க."

"தெரியுமான்னு நான் கேக்கல."

சென்னியப்பன் தோளிலிருந்த துண்டை மறுதோளுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார்.

"கேட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு அம்மை கூடையைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனார்.

*

அன்று மாலையே சென்னியப்பன் திரும்பி வந்தார். வந்த வேகத்தைப் பார்த்தால் வீட்டில் செருப்பைக் கழற்றினாரா என்பதே சந்தேகம்.

"கேட்டேனுங்க. எதுனாலும் சரின்னு சொல்றா."

"எத்தனை வருஷமா அப்படிச் சொல்றாங்க?"

"கல்யாணம் ஆனதிலிருந்து."

"நீங்களும் விட்டுட்டீங்க."

"எதுனாலும் சரின்னா அப்புறம் என்னத்தைக் கேக்கறது?"

அம்மை கிணற்றிலிருந்து ஒரு வாளி தண்ணீர் இறைத்து அவருக்குக் குடிக்கக் கொடுத்தார். வேறெதுவும் கொடுக்கவில்லை.

*

சென்னியப்பன் பட்டறைக்காரர். ஒரு மோட்டாரில் கோளாறு எங்கே என்று தெரியாவிட்டால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். அதையே இங்கேயும் செய்தார்.

துளசிமணியைப் பாட்டு அறைக்குக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தார். நாதஸ்வரம் போட்டார். அவள் முகத்தைப் பார்த்தார். தும்ரி போட்டார். முகத்தைப் பார்த்தார். கவாலி போட்டபோது அவள் எழுந்து போய் ஒரு முறம் அவரைக்காயோடு வந்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏனுங்க, உடம்புக்கு ஏதாச்சும் பண்ணுதா?" என்றாள்.

"எனக்கென்ன?"

"இல்ல, என்னையவே பாத்துட்டு இருக்கீங்களே. டாக்டர் ஏதாச்சும் சொல்லிட்டாருங்களா?"

"ஒண்ணுமில்ல. நீ பாட்டைக் கேளு."

அவள் கேட்டாள். அவரைக்காயையும் கிள்ளி முடித்தாள். டிரம்பெட் வந்தபோது, அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போனாள். அடுப்பில் பால் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

மறுபடியும் மலையடிவாரம்.

"என்கிட்ட இருக்கிற எதுவுமே அவளுக்குப் பிடிக்கலைங்க."

"அப்ப உங்ககிட்ட இல்லாதது பிடிச்சிருக்கும்."

"என்கிட்ட இல்லாத பாட்டா?" சென்னியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "இந்த ஜில்லாவுலயே என்கிட்ட இருக்கிற மாதிரி யார்கிட்டயும் கிடையாதுங்க. சாமிநாதன் ஒரு கோயில் திருவிழாவுல வாசிச்சது, யாரோ ஒளிஞ்சு உக்காந்து பதிவு பண்ணினது, அதுகூட என்கிட்ட இருக்குது."

அம்மை கையை நீட்டினார்.

"அந்த ரூம் சாவியைக் குடுங்க."

"எதுக்குங்க?"

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

சென்னியப்பன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தார். தங்க நகையைக் கழற்றிக் கொடுத்தால்கூட அவ்வளவு நேரம் எடுத்திருக்க மாட்டார்.

"எப்பத் திருப்பிக் குடுப்பீங்க?"

"கேட்டுட்டு வந்த பிறகு."

*

பூட்டிய அறைக்கு வெளியே அவருக்கு ஒரு வீடு இருந்தது. அதில் எங்கே உட்காருவதென்று அவருக்குத் தெரியவில்லை. கூடத்தில் உட்கார்ந்தால் துளசிமணி பெருக்க வந்தாள். சமையலறை வாசலில் நின்றால், "பசிக்குதுங்களா?" என்றாள். மிக்ஸி ஓடியது. குக்கர் விசிலடித்தது. குழாயில் தண்ணீர் வந்தது. காய்கறிக்காரர் வந்தார்.

அவள் பாட்டுக் கேட்கவே இல்லை. டிவியில்கூடப் போடவில்லை.

இவளுக்கு எதுவுமே பிடிக்காதோ என்று அவர் நினைக்கத் தொடங்கியிருந்தார்.

ஒரு நாள் காலை, வங்கிக்குப் போய்விட்டு வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். தெருமுனை வரை போனதும் தூறல் விழுந்தது. குடையை எடுக்கத் திரும்பினார். முன்கதவு தாழிட்டிருந்ததால் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார்.

துவைக்கிற கல்லருகே பாட்டுக் கேட்டது.

துளசிமணி தகரக் கூரைக்கு அடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கல்லுக்குப் பக்கத்துத் திட்டில் ஒரு பெரிய எவர்சில்வர் டம்ளர். சத்தம் கூடுதலாகக் கேட்பதற்காகக் கைபேசியை அதற்குள் இறக்கி வைத்திருந்தாள். டம்ளருக்குள்ளிருந்து பறை அதிர்ந்தது. அதன்மேல் ஒரு பெண் குரல், பாட்டுமில்லாமல் பேச்சுமில்லாமல், படபடவென்று ஏதோ சொல்லிக்கொண்டு ஓடியது. பாட்டில் ஒரு பெண்கள் விடுதி. காலை நேரம். குழாயடி வரிசை.

"பக்கெட்டு வந்தாச்சு, தண்ணி?" என்று குரல் கேட்டது.

"வரல, வரல!" என்றாள் துளசிமணி. சொல்லிவிட்டு அவருடைய வேட்டியைக் கல்லில் ஓங்கி அடித்தாள். அடி தாளத்தில் விழுந்தது.

"சோப்பும் போட்டாச்சு, தண்ணி?"

"வரல, வரல!"

சுருதி நிற்கவில்லை. அதுதான் சென்னியப்பனுக்கு முதலில் தோன்றியது. வார்த்தைகளை விழுங்குகிறாள் என்பது இரண்டாவதாகத் தோன்றியது.

மூன்றாவதாகத்தான் அது யார் குரல் என்று தெரிந்தது.

மகள் நித்திலா வீட்டை விட்டுப் போனது இந்த மாதிரி ஒரு பாட்டினால்தான். தான் எழுதிப் பாடியதை அப்பாவின் பெரிய ஸ்பீக்கரில் ஒரு தடவை கேட்டுப் பார்க்க அவள் ஆசைப்பட்டாள். பாதிப் பாட்டில் சென்னியப்பன் உள்ளே வந்தார். ஒயரைப் பிடுங்கினார். "இந்த ரூமுக்குன்னு ஒரு மரியாதை இருக்குது" என்றார். அவள் தன் கைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். சென்னையில் வேலை கிடைத்ததும் போய்விட்டாள். அதன் பிறகு அவள் கூப்பிட்டதெல்லாம் அம்மாவின் கைபேசிக்குத்தான்.

துளசிமணி திரும்பினாள். அவரைப் பார்த்தாள். சோப்புக் கையோடு டம்ளருக்குள் கையை விட்டுப் பாட்டை நிறுத்தினாள்.

"குடை எடுக்க வந்தீங்களா?"

"நித்திலாவா அது?"

"ஆமாங்க."

"எப்பப் பாடினா?"

"போன மாசம். ஒண்ணு பாடினா உடனே எனக்குத்தான் அனுப்புவா."

"இது மாதிரி இன்னும் இருக்குதா?"

"நெறைய இருக்குதுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கதவைச் சாத்திட்டு உள்ள இருப்பீங்க." அவள் குரலில் குறை எதுவும் இல்லை. காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

தூறல் மழையாகியது. அவர் பின்வாசல் படியில் உட்கார்ந்தார்.

"போடு" என்றார்.

"உங்களுக்குப் பிடிக்காதுங்க."

"உனக்குப் பிடிக்குமா?"

துளசிமணி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். டம்ளரைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"எனக்கு இவ பாட்டுத்தாங்க பிடிக்கும்" என்றாள். "அதுலயும் இந்தத் தண்ணி வராத பாட்டுத்தான். இன்னொண்ணு இருக்குது, லிஃப்டுல மாட்டிக்கிட்ட பாட்டு. அதுவும் நல்லாருக்கும். அதைக் கேட்டா எனக்குச் சிரிப்புச் சிரிப்பா வரும்."

அவள் ஒரே மூச்சில் அத்தனை பேசி அவர் கேட்டதில்லை.

பாட்டு மறுபடி ஓடியது. அவருக்குப் பிடிக்கவில்லை. இன்னொரு தடவை போடச் சொன்னார். அப்போதும் பிடிக்கவில்லை. அதற்கடுத்த தடவை துளசிமணி துணியை எடுத்துத் துவைக்கத் தொடங்கிவிட்டாள். "வரல, வரல" என்றபோது அவளுக்கு வெட்கம் போயிருந்தது.

பாட்டு முடிந்தபோது சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சோப்புத் தண்ணி தெறிச்சிருச்சு" என்றார்.

அவர் உட்கார்ந்திருந்தது கல்லிலிருந்து நல்ல தூரத்தில்.

*

அடுத்த முறை அவர் மலையடிவாரத்துக்குப் போனபோது துளசிமணியும் கூட வந்தாள். தொழுவத்தின் ஓரமாக நின்று கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"கேட்டீங்களா?" என்றார் அம்மை.

"கேட்டேனுங்க. என் பொண்ணு பாட்டு."

"எப்படி இருந்துச்சு?"

"சுருதி சேரலைங்க. தாளம் பரவாயில்ல. வார்த்தையை முழுங்கறா. அந்த ரெண்டாவது அடியில குரலை ஒரு இழுப்பு இழுக்கறா பாருங்க, அங்கதான்…"

கையைக் காற்றில் மேலே இழுத்துக் காட்டினார்.

"அதை அவ எங்கயும் கத்துக்கலைங்க. அது அவளாப் பண்றது."

அம்மை தலையசைத்தார்.

"அவகூடப் பேசணும்" என்றார் சென்னியப்பன். "என்ன பேசறதுன்னு தெரியல. தப்புப் பண்ணிட்டேன்னு சொல்லட்டுமா? ஊருக்கு வான்னு சொல்லட்டுமா? நான் பேசினா போனை வெச்சிருவாளோ என்னமோ."

"அந்த நாதஸ்வரக்காரர் பேரு என்ன சொன்னீங்க?"

"சாமிநாதனுங்க. ஆவுடையார்பட்டி."

"அவர் இப்ப வந்து இந்தக் கட்டில்ல உக்காந்தா அவர்கிட்ட என்ன பேசுவீங்க?"

"அவர் செத்துப் பல வருஷம் ஆச்சுங்களே."

"வந்து உக்காந்துட்டார்."

சென்னியப்பன் கயிற்றுக் கட்டிலைப் பார்த்தார். தன்னையறியாமல் தோளிலிருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"பேசறதுக்கு நான் யாருங்க? கொஞ்சம் வாசிக்கச் சொல்லிக் கேப்பேன்…"

சொன்னவர் அப்படியே நின்றார்.

அம்மை மடியிலிருந்து சாவியை எடுத்து அவர் கையில் வைத்தார். மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும் என்று போய்விட்டார்.

சென்னியப்பன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு துளசிமணியிடம் போனார். அவர் கேட்பதற்கு முன்பே அவள் எண்ணை அழுத்திக் கைபேசியை நீட்டினாள்.

மறுமுனையில் பஸ் இரைச்சல்.

"சொல்லும்மா."

"அப்பா பேசறேன்."

கண்டக்டரின் விசில் கேட்டது. கதவு மூடிக்கொண்ட சத்தம் கேட்டது.

"அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்றாள் நித்திலா.

"ஒண்ணும் ஆகல. பக்கத்துலதான் நிக்கறா."

"அப்புறம் என்ன?"

"ஒரு பாட்டுப் பாடு, கண்ணு."

"என்னது?"

"பாடு. கேக்கறேன்."

இரைச்சல். யாரோ டிக்கெட் கேட்டார்கள்.

"அப்பா, நான் பஸ்ல கம்பியைப் பிடிச்சுத் தொங்கிட்டு வர்றேன்."

"செரி."

"சுத்தி அத்தனை பேர் நிக்கறாங்க."

"நிக்கட்டும்" என்றார் சென்னியப்பன். "அவங்களும் கேக்கட்டும்."