பத்துச் சோதனைக்கும் ஒரே வரி

மனத்தைப் பற்றிப் படிக்க வந்த அடைக்கலம், அந்த வாரத்தில் நான்காவது முறையாகப் பேராசிரியை நிலோபரின் அறைக்குள் எட்டிப் பார்த்தார்.

"மறுபடியுமா?" என்றார் நிலோபர்.

"ஒரே ஒரு திருத்தம் மேடம். அஞ்சு நிமிஷம்."

அந்த ஐந்து நிமிடத்தின் நீளம் நிலோபருக்குத் தெரியும். திங்கட்கிழமை அது ஒன்றேகால் மணி நேரம் ஓடியது.

அடைக்கலம் கக்கத்திலிருந்த சார்ட்டை உருவி மேசைமேல் விரித்தார். டீ டம்ளரைக் கடைசி நொடியில் நிலோபர் எடுத்துக் காப்பாற்றினார்.

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு முப்பத்தெட்டு. குரு, சீடர் என்று சொன்னால் இருவருமே சிரிப்பார்கள். ஆனால் ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார், இன்னொருவர் பதில் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது. அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அடைக்கலம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். புதுக்கோட்டையில் வேலை பார்த்தபோது அங்கேயே ஒரு மாலைக் கல்லூரியில் உளவியல் பட்டப்படிப்பில் சேர்ந்து முதல் வருடத்தை முடித்தார். அந்த நேரம் பார்த்துக் கரூருக்கு மாற்றல் வந்தது. மனைவி மலர்க்கொடிக்குத் தாலுகா அலுவலகத்தில் வேலை. அவர் புதுக்கோட்டையிலேயே தங்கிவிட்டார். டிகிரியைக் கையில் வாங்கிக்கொண்டுதான் ஊருக்கு மாற்றல் கேட்பது என்று அடைக்கலம் முடிவு செய்திருந்தார். கரூர்க் கல்லூரி இரண்டாம் வருடத்தில் சேர்த்துக்கொண்டால், இரண்டு வருடத்தில் ஊர். முதல் வருடத்திலிருந்து வா என்று சொல்லிவிட்டால் மூன்று. இன்னும் ஒரு வருடம் தனியறை, ஓட்டல் சாப்பாடு, போனில் குடும்பம்.

அதனால் அவர் எல்லோர் உயிரையும் வாங்கினார். மாற்றுச் சான்றிதழ் கொண்டுவந்தார். மதிப்பெண் பட்டியல் கொண்டுவந்தார். பழைய கல்லூரியின் பாடத்திட்டம் நாற்பத்தாறு பக்கம், பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்தி வாங்கி வந்தார். எல்லாம் சரி என்றாகிவிட்டது. செய்முறை நோட்டு மட்டும் பாக்கி. அதை நிலோபர் படித்துப் பார்த்து, ஏற்கலாம் என்று கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குச் சேர்க்கைக் கமிட்டி.

அன்று புதன்கிழமை.

"இங்க பாருங்க மேடம். நீலம் தியரி, பச்சை விருப்பப் பாடம், சிவப்பு பரீட்சை. மூணாவது செமஸ்டர்ல ஒரு பேப்பரை முன்னாடி இழுத்துட்டேன். ஆறாவது செமஸ்டர்ல மூச்சு விட இடம் கிடைக்கும்."

"ஞாயித்துக்கிழமைக்கு ஏன் சாம்பல் கலரு?"

"அது படிப்பு. முழு நாளும்."

"அப்ப ஊருக்கு எப்ப போவீங்க?"

"மாசத்துக்கு ஒருதரம். ரெண்டாவது சனிக்கிழமை. ஒழுங்கா இதை ஃபாலோ பண்ணா டிகிரி முடிஞ்சு எம்.எஸ்ஸி. வரைக்கும் திட்டம் இருக்கு மேடம்."

நிலோபர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அடைக்கலம், நீங்க மனுஷங்களைப் படிக்க வந்தீங்களா, செமஸ்டரைப் படிக்க வந்தீங்களா?"

"ரெண்டும்தான் மேடம்" என்றார் அவர், கொஞ்சமும் புண்படாமல். "இந்தப் படிப்பைச் சீக்கிரமா முடிக்க வேற ஏதாவது வழி இருந்தா சொல்லுங்க."

நிலோபர் சார்ட்டைச் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு, செய்முறை நோட்டைத் திறந்தார்.

பத்துச் சோதனைகள். அழகான கையெழுத்து. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுகள், வண்ணத்தில் வரைபடங்கள். நிலோபர் அவை எதையும் படிக்கவில்லை. ஒவ்வொரு சோதனையிலும் ஒரே ஒரு பகுதியைத் தேடிப் படித்தார். சோதனைக்கு உட்கார்பவரைச் சப்ஜெக்ட் என்பார்கள். சோதனை முடிந்ததும், மனதில் என்ன ஓடியது என்று அவரிடமே கேட்டு எழுத வேண்டும். அகநோக்கு அறிக்கை என்று அதற்குப் பெயர்.

"'சோதனை சுவாரஸ்யமாக இருந்தது. ஆரம்பத்தில் சற்றுப் பதற்றம். பிறகு பழகிவிட்டது.'" நிலோபர் பக்கத்தைப் புரட்டினார். "'சோதனை சுவாரஸ்யமாக இருந்தது. ஆரம்பத்தில் சற்றுப் பதற்றம்.'" இன்னொரு பக்கம். "'பிறகு பழகிவிட்டது.'"

அடைக்கலம் கையிலிருந்த சார்ட்டை இன்னும் இறுக்கிச் சுருட்டினார்.

"பத்துச் சோதனை. ஒரே வரி. யாரு இந்த ம.கொ., பெண், வயது முப்பத்து நாலு?"

"என் வீட்டுக்காரம்மா மேடம். மலர்க்கொடி. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உக்கார வெச்சு எடுத்தேன்."

"பத்து வாரமும் அவங்க இதையேதான் சொன்னாங்களா?"

"கேக்கல மேடம். எல்லாரும் இப்படித்தான எழுதுறாங்க?"

நிலோபர் எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய் அலமாரியில் இடித்தது. "வாங்க என்கூட" என்று ஆய்வகத்துக்குள் போனார்.

அங்கே ஒரு பலகை. பலகையில் இரட்டைக் கோட்டில் அச்சடித்த ஒரு நட்சத்திரம். அதற்கு நேர் எதிரே நிமிர்ந்து நிற்கும் ஒரு கண்ணாடி. கையையும் தாளையும் நேரே பார்க்க முடியாமல் நடுவில் ஒரு தகடு மறைத்தது. கண்ணாடியில் தெரிவதை மட்டும் பார்த்துக்கொண்டு, இரண்டு கோட்டுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். கோட்டைத் தொட்டால் தப்பு. மலர்க்கொடியும் இதே சோதனைக்கு உட்கார்ந்திருந்தார்.

"உக்காருங்க."

"நானா?"

"நீங்கதான். ஒருநாளாவது சப்ஜெக்ட்டா உக்காந்திருக்கீங்களா?"

"இல்ல மேடம். எனக்கு இது எப்படின்னு தெரியும். புஸ்தகத்துல..."

"உக்காருங்கன்னு சொன்னேன்."

அடைக்கலம் உட்கார்ந்தார். நிலோபர் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தினார்.

பென்சிலை மேலே நகர்த்தினார். கண்ணாடியில் அது கீழே போனது. கீழே இழுத்தார். மேலே ஏறியது. மூலையில் திரும்ப வேண்டிய இடத்தில் கை உறைந்து நின்றது. எந்தப் பக்கம் தள்ளினாலும் அது வேண்டாத பக்கம் போனது. நிமிடம் பிசகாமல் பஸ்ஸை அனுப்பும் மனிதர், தன் கை ஓர் அங்குலம் நகர மறுப்பதைப் பார்த்துப் பல்லைக் கடித்தார். நெற்றி வியர்த்தது. பென்சில் முனை உடைந்தது.

"ச்சை!"

"வேற பென்சில் இருக்கு. இந்தாங்க."

நிலோபர் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை. வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு விழும்போதெல்லாம் ஒரு கோடு கிழித்தார். ஆறு நிமிடம் கழித்து அடைக்கலம் நட்சத்திரத்தை முடித்தபோது, அது கோழி கிளறிய குப்பை மாதிரி இருந்தது.

நிலோபர் ஒரு தாளில் ஏதோ எழுதி அவரிடம் நீட்டினார்.

அடைக்கலம் படித்தார். சோதனை சுவாரஸ்யமாக இருந்தது. ஆரம்பத்தில் சற்றுப் பதற்றம். பிறகு பழகிவிட்டது.

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே மேடம்!" குரல் உயர்ந்துவிட்டது. "எனக்கு எரிச்சல் எரிச்சலா வந்துச்சு. கையை வெட்டிப் போடலாம்போல இருந்துச்சு. நீங்கவேற ஒரு வார்த்தை பேசாம வாட்ச்சையே பாத்துக்கிட்டு..."

"எல்லாரும் இப்படித்தான எழுதுறாங்க?"

அடைக்கலம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"ஊருக்குப் போய் அவங்களைக் கேளுங்க. போன்ல வேண்டாம், நேர்ல. அவங்க சொல்றதை அப்படியே எழுதி வெள்ளிக்கிழமை கொண்டுவாங்க. அதுவரைக்கும் அந்தச் சார்ட்டோட இந்தப் பக்கம் வந்துடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவர் வந்தார். சார்ட் இல்லை. சவரம் செய்யாத முகம். நோட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க. கேட்டீங்களா?"

"கேட்டேன் மேடம். ஒரு வருஷம் கழிச்சு வந்து கேக்குறீங்களேன்னு முதல்ல சிரிச்சா. அப்புறம் சொன்னா." அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "எல்லாமே தப்பு மேடம். பத்துச் சோதனையும் கெட்டுப்போச்சு."

"எப்படிக் கெட்டுது?"

"நட்சத்திரம் மூணாவது தடவையிலேயே அவளுக்குப் பழகிடுச்சாம். கண்ணை மூடிக்கிட்டே வரைவேன்னா. ஆனா சீக்கிரம் முடிச்சா நான் நோட்டை மூடிட்டு எந்திரிச்சுப் போயிடுவேனாம். வாரத்துல அந்த ஒரு மணி நேரம்தான் நான் அவ எதிர்ல உக்காந்திருந்தேனாம். அதனால வேணும்னே கோட்டைத் தாண்டித் தாண்டி வரைஞ்சிருக்கா. மனப்பாடச் சோதனையில வார்த்தையெல்லாம் ஞாபகம் இருந்தும் மறந்துட்டேன்னு சொல்லியிருக்கா. மறந்துட்டேன்னு சொன்னா நான் மறுபடியும் முதல்லேருந்து வாசிச்சுக் காட்டுவேன்ல, அதுக்காக."

நிலோபர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார்.

"பத்து வாரம் மேடம். வாட்ச்சைக் கையில வெச்சுக்கிட்டு எதிர்லயே உக்காந்திருந்தேன். எனக்கு ஒண்ணுமே தெரியல." அவருக்கு அழுகை வந்தது. அதை மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

நிலோபர் அவர் அழுது முடிக்கட்டும் என்று விட்டார். பிறகு கமிட்டிக்கான படிவத்தை எடுத்து, நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அந்த நோட்டை என்னைத் தவிர வேற யாரும் பிரிச்சுப் படிக்கப்போறதில்ல, அடைக்கலம். கமிட்டியில என் கையெழுத்தை மட்டும்தான் பாப்பாங்க. இப்ப என்ன செய்யணும்?"

அடைக்கலம் படிவத்தைப் பார்த்தார். ஏற்கலாம், ஏற்க இயலாது என்று இரண்டு கட்டங்கள். இரண்டுக்கும் நடுவே அவருடைய ஒரு வருடம் இருந்தது. வெளியே யாரோ பெஞ்சுகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"பத்தும் தப்பு மேடம்" என்றார் கடைசியில். "முதல் வருஷத்துலயே போட்டுடுங்க."

"ஒரு வருஷம் கூட ஆகும்."

"அவகிட்டயும் சொன்னேன். ஆகும்போல இருக்குன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"'இதையாவது முன்னாடியே என்கிட்ட சொன்னீங்களே'ன்னா. அப்புறம், டிகிரி முடியட்டும்னு எதுக்குக் காத்துக்கிட்டிருக்கீங்க, மாற்றலுக்கு இப்பவே எழுதிக் குடுங்கன்னா. படிப்பை எங்க இருந்தாலும் படிக்கலாம்னா. எனக்கு இது தோணவே இல்ல மேடம். சார்ட்டுல அதுக்குக் கட்டமே போடல."

நிலோபர் இரண்டாவது கட்டத்தில் கோடு போட்டுக் கையெழுத்திட்டார். அவர் கையெழுத்துப் போட்டதையே அடைக்கலம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொல்ல முடியாது.

பிறகு அடைக்கலம் நோட்டை இழுத்துத் திறந்தார். நட்சத்திரச் சோதனையின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இது இன்னும் கேவலம் மேடம். தடவைக்குத் தடவை நேரம் குறையவே இல்லையா, அதை வெச்சு முடிவுன்னு ஒண்ணு எழுதிட்டேன். 'சப்ஜெக்ட் மிகவும் மெதுவாகக் கற்பவர்.' அவளைப் போய் இப்படி எழுதியிருக்கேன். அவ அதைப் படிச்சுப் பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல. ஒரு பேனா குடுங்க. அடிச்சுடறேன்."

நிலோபர் பேனாவை எடுத்தார். ஆனால் உடனே கொடுக்கவில்லை.

"அதை அடிக்காதீங்க" என்றார். "முடிவு சரியாத்தான் இருக்கு. சப்ஜெக்ட் பேரை மட்டும் மாத்துங்க."