ஆறாவது சத்தம்

நன்றி கெட்டவன்னு சொல்லாதடி கவுசி. மேஸ்திரியத் தூக்குறதுக்குத் திம்மராயன் சூரத்துலேர்ந்து வரல, நெசந்தான். பாடைக்கு ஒரு தோளு கொறைஞ்சி, கடைசியில லாரி கிளீனரக் கூப்புட்டுத்தான் தூக்கனாங்க, அதுவும் நெசந்தான். ஆனா தூர தேசத்துக்கு வேலைக்குப் போறவங்க எல்லாம் இப்படித்தான், அதனால நான் போகலன்னு சொல்ற பாரு, அது தப்பு. ஒனக்கு யாரோ சொன்னது. நான் அங்கயே ஒக்காந்து ஜல்லி ஒடச்சவ.

மாரப்ப மேஸ்திரிதான் எங்க கல்லுகுழியில வேட்டு வெக்கிறவரு. மிசினால பாறையில தொளை போட்டு, வெடிமருந்தக் கிட்டிச்சி அடைச்சி, திரியப் பத்த வெச்சிட்டு ஓடி வந்துடணும். தொளை போடறப்ப பொகையாட்டம் தூசி எழும்பும். சாயங்காலம் வூட்டுக்கு வந்தா ஆம்பளைங்களுக்கு புருவமெல்லாம் வெள்ளையா இருக்கும். அதப் பாத்து நாங்க பொம்பளைங்க சிரிப்போம். அப்ப சிரிப்புத்தான் வந்துது.

திம்மராயன் அவருகிட்ட தொழில் கத்துக்கிட்டவன். கல்லுக்குப் பின்னால குந்தி சத்தத்த எண்ணுறது அவன் வேலை. ஆறு திரி பத்த வெச்சா ஆறு சத்தம் கேக்கணும். அஞ்சுதான் கேட்டுதுன்னா ஒண்ணு தூங்குதுன்னு அர்த்தம். மறுநா வரைக்கும் ஒருத்தரும் கிட்ட போகக்கூடாது. எங்க வெள்ளாட்டுக்கு அது தெரியல. மூணு குட்டி போட்ட ஆடு, நெத்தியில பொட்டு வெச்சாப்புல ஒரு புள்ளி... அது கெடக்கட்டும்.

திம்மராயனோட மச்சான் சூரத்துல இருந்தான். ஒரு தபா ஊருக்கு வந்தப்ப ரோஸ் கலரு பிளாஸ்டிக் பக்கெட்டு ஒண்ணு கொண்டாந்தான் பாரு, கல்லுகுழியே வரிசையில வந்து தட்டிப் பாத்துட்டுப் போச்சு. அவந்தான் துணி மில்லு கேட்டுல நிக்கிற வேலைக்கு இவனச் சொல்லி வெச்சி, மூணு காயிதம் போட்டுட்டான். இவன் மூணையும் மடிச்சி இடுப்புல சொருவிகினு திரிஞ்சான். வேர்வையில எழுத்தெல்லாம் கரைஞ்சே போச்சு.

ஒரு நா தொளையில மருந்து போடறப்ப சொல்லிட்டான்.

"மேஸ்திரி, போறதுக்கு பயமா இருக்குது."

"எதுக்கு?"

"பாசை தெரியாது. தண்ணி வேணும்னாக்கூட கையக் காட்டணும்."

"காட்டு."

"அங்க செத்தா தூக்கக்கூட நாலு பேரு இல்ல மேஸ்திரி."

மேஸ்திரிக்கு இருமல் வந்துடுச்சி. அது நிக்கிற வரைக்கும் பாறையப் புடிச்சிகினு நின்னாரு. அப்பறம், "இன்னிக்கு எத்தினி தொளை?"ன்னாரு.

"ஆறு."

"வா, பத்த வெக்கலாம்."

உச்சி வெயிலு. நாங்கல்லாம் ஓடி பெரிய கல்லுக்குப் பின்னால ஒளிஞ்சிகினோம். வெடிச்சுது. காதப் பொத்தினாலும் வவுத்துல கேக்கும் அது. அப்பறம் சத்தமே இல்ல. மேல ரோட்டுல இருந்து லோடு கணக்கு எழுதற ரைட்டரு கத்தறான், லாரி நிக்குதாம், எறங்கி கல்ல அள்ளணுமாம்.

மேஸ்திரி அந்தாளத் திரும்பியே பாக்கல. திம்மராயங்கிட்ட சொன்னாரு.

"போடா. போயி பாரு."

"மாட்டன் மேஸ்திரி."

"ஏன்? ஒரு சத்தமும் இல்லியே. அமைதியாத்தான இருக்குது?"

"அஞ்சுதான் கேட்டுது. ஒண்ணு தூங்குது."

"இத்தினி வருசமா பழகின எடம்தான?"

"அதுக்கு? தூங்குறதுகிட்ட போகக்கூடாதுன்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

மேஸ்திரி கல்லு மேல சாஞ்சி காலை நீட்டினாரு. அவனும் பக்கத்துல ஒக்காந்தான்.

"சரி, இத எண்ணு. இந்தக் குழிக்கு மொத மொத மிசினு புடிக்க வந்தவங்க எத்தினி பேரு?"

"ஒங்களோட சேத்து ஆறு பேரு."

"பெத்தண்ணன்."

"இருமி இருமி செத்தாரு. நான் சின்னப் பையன் அப்ப."

"அவந்தம்பி."

"அவரும் அதே இருமலுதான்."

மூணாவதா ஒங்க தாத்தா பேரச் சொன்னாரு. நான் அதுக்கு மூணு மாசம் முன்னாலதான் அந்த மனுசன அனுப்பிட்டு வந்து திரும்ப ஜல்லிக்கு ஒக்காந்தவ. சுத்திய மடியில வெச்சிகினு கேட்டன். ஒவ்வொரு பேருக்கும் திம்மராயன் ஒரு வெரல மடக்கினான். முனுசாமி. ஓசூரான். ஒரு கை முழுக்க மடங்கிப் போச்சு.

"எல்லாரையும் தூக்கினதுல நானும் ஒருத்தன். தூக்க ஆளு கொறையவே இல்ல"ன்னாரு மேஸ்திரி. "எத்தினி சத்தம் கேட்டுது?"

"அஞ்சு மேஸ்திரி."

சொல்லிட்டு அவரயே பாத்தான்.

"ஆறாவது?"

மேஸ்திரி துண்டால வாயத் தொடச்சாரு. தொடச்ச எடத்த உள்பக்கமா மடிச்சி தோள்ல போட்டுகினாரு.

"அதும் பக்கத்துலதான்டா நீ ஒக்காந்து பேசிகினு இருக்கிற."

திம்மராயன் மடக்கின கைய அப்படியே வெச்சிகினு இருந்தான்.

டேய் முனிரத்னம், ஒம் மவ பெட்டிய தூசி தட்டினது போதும். துணி அடுக்கணும், உள்ள எடுத்துனு வா.