வீடு கடிக்குமா?

"சாமி, நாய் வீட்டுக்குள்ள வர மாட்டேங்குது."

வந்ததும் வராததுமாக இதைச் சொல்லிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார் தணிகாசலம்.

ஏலகிரி மலையில் நாய்ச்சாமியைத் தெரியாதவர் கிடையாது. ஊர் விரட்டிவிட்ட நாய்களையெல்லாம் சேர்த்துக்கொண்டு ஓட்டு வீடொன்றில் தனியாக வாழும் பெண். வயது முப்பத்தைந்துகூட இருக்காது. காவி இல்லை, ருத்திராட்சம் இல்லை, சாயம்போன சுடிதார்தான். கேள்வி கேட்டால் பாதி நாள் பதிலே வராது. அப்படியும் ஜனங்கள் தேடிக்கொண்டு வந்தார்கள்.

தணிகாசலம் மின்சாரத்தோடு மல்லுக்கட்டியே தலை நரைத்த இன்ஜினியர். சாமிக்கு அப்பா வயது. ஓய்வு பெற்றதும் மலைமேல் வீடு கட்டிக்கொண்டு மனைவியோடு வந்துவிட்டார். மனதை அடக்க வழி கேட்டு வியாழக்கிழமை தவறாமல் சாமியின் எதிரே வந்து உட்காருவார்.

இன்று வியாழக்கிழமை இல்லை.

சாமி ஒரு கிழட்டு நாயின் காதில் உண்ணி பிடுங்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு, மிளகா?"

"மிளகுதான் சாமி."

"ஏன் வரல?"

"தோட்டத்தைச் சுத்தி மண்ணுக்குள்ள ஒயர் போட்டிருக்கேன். அவ கழுத்துல ஒரு பட்டை. ஒயர் பக்கத்துல போனா மொதல்ல பீப்னு சத்தம் வரும். மீறிப் போனா லேசா ஒரு ஷாக். அவ்வளவுதான். கம்பி கிடையாது, முள்ளு கிடையாது. வேலி இருக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியாது!"

கவலையோடு வந்த மனிதருக்கு இதைச் சொல்லும்போது மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. தன் கையால் போட்ட ஒயர் ஆயிற்றே.

"அப்புறம்?"

"நல்லாத்தான் இருந்துச்சு. நேத்து ஒரு காட்டுக்கோழி ரோட்டைத் தாண்டுச்சு. இவ பிச்சுக்கிட்டு ஓடினா பாருங்க, ஷாக்காவது ஒண்ணாவது!"

"கோழி கிடைச்சுதா?"

"கோழியா இப்பப் பிரச்சினை?" தணிகாசலத்துக்குக் கோபம் வந்து, யாரிடம் பேசுகிறோம் என்பது நினைவுக்கு வந்து, அடங்கியது. "கிடைக்கல சாமி. திரும்பி வந்தா. ஒயர் வரைக்கும் வந்தா. பீப்னு கேட்டதும் நின்னுட்டா. அப்பலேர்ந்து அந்தப் பக்கமே நிக்கிறா. எங்களைப் பார்த்து வாலை ஆட்டுறா, அழுறா, காலை மட்டும் எடுத்து வைக்க மாட்டேங்குறா."

சாமி அடுத்த உண்ணியைத் தேடினார்.

"அவ நிக்கிறது கொண்டை ஊசி வளைவு சாமி. இன்னைலேர்ந்து ஸ்கூல் லீவு. டூரிஸ்ட் வேனுங்க கண்ணுமண்ணு தெரியாம வரும். ராத்திரியெல்லாம் வாசல்லயே உக்காந்திருந்தோம். கோமளா ஒரு வாய் சாப்பிடல. அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

எந்த 'அவள்' என்று அவர் சொல்லவில்லை.

சாமி முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

"இன்ஜினியரே, உங்க வீடு கடிக்குமா?"

"வீடு எங்கயாச்சும் கடிக்குமா சாமி?"

"மிளகைக் கேட்டா என்ன சொல்லும்?"

தணிகாசலம் மெல்ல, அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். கடைசியாக அது வீட்டை நோக்கி ஒரு அடி வைத்தபோது என்ன நடந்தது என்று இப்போதுதான் நாயின் பக்கத்திலிருந்து யோசித்தார்.

"ஆனா நான் மெயினையே அணைச்சுட்டேன் சாமி! இப்ப ஒயர்ல ஒண்ணுமே இல்ல."

"அவகிட்ட சொன்னீங்களா?"

"நாய்கிட்டயா?"

"வேற யார்கிட்ட?"

"எப்படிச் சொல்றது?"

"முன்னயெல்லாம் எப்படிக் கூப்பிடுவீங்க?"

தணிகாசலம் யோசித்தார். ஒயர் போட்ட பிறகு கூப்பிட வேண்டிய அவசியமே வந்ததில்லை. தோட்டத்துக்குள்தானே இருந்தது. இருந்தாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய ஆபீஸ் குரலில் ஒரு சத்தம் போட்டார்.

"மிளகு! கம் ஹியர்! உள்ள வா!"

சாமியின் நாய்கள் அத்தனையும் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டன.

சாமி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, "வாங்க போலாம்" என்றார்.

மிளகு அங்கேயேதான் நின்றது. காது முதல் வால்வரை கறுப்பு, நெஞ்சில் மட்டும் ஒரு துளி வெள்ளை. வீட்டு வாசற்படியில் கோமளா சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தணிகாசலம் ரோட்டுக்குப் போய்ப் பட்டையைப் பிடிக்கக் கையை நீட்டினார். மிளகு நழுவி அந்தப் பக்கம் போனது. அவரும் அந்தப் பக்கம் போனார். அது இந்தப் பக்கம் வந்தது.

"பழக்குறப்போ பட்டையைப் பிடிச்சு ஒயர்கிட்ட இழுத்துட்டுப் போவேன். அதை நினைச்சுப் பயப்படுது போலிருக்கு" என்றார், தலையைக் குனிந்தபடி.

ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு வளைவில் திரும்பியது. மிளகு ஓரமாக ஒதுங்கியது. கோமளா எழுந்து நின்றுவிட்டார்.

"சாமி, ஏதாவது செய்யுங்க!"

"ஓடுங்க" என்றார் சாமி.

"அது பின்னாலயா?"

"இல்ல. வீட்டுக்கு."

"நானா? நான் ஓடி என்ன ஆகப்போகுது? வரவேண்டியது அது!"

சாமி அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தார்.

தணிகாசலம் புறப்பட்டார். கைகளை வீசி, முதுகை நிமிர்த்தி, காலையில் போவது போலவே போனார். மிளகு தலையைச் சாய்த்துப் பார்த்தது.

"இது வாக்கிங்" என்றார் சாமி.

அவர் திரும்பி வந்தார். கொஞ்சம் வேகமாகப் போனார்.

"இது பஸ் பிடிக்கிறது. சந்தோஷமா ஓடுங்க இன்ஜினியரே!"

"இந்த நிலைமையில சந்தோஷத்துக்கு எங்க சாமி போவேன்?"

வாசலிலிருந்து கோமளா கத்தினார். "மிளகு குட்டியா இருந்தப்ப உங்க செருப்பைத் தூக்கிட்டு ஓடுமே, அது பின்னால எப்படி ஓடுவீங்க? அப்படி ஓடுங்களேன்!"

தணிகாசலம் மனைவியைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். அந்தக் குட்டி, அந்தச் செருப்பு, வீடெல்லாம் தடதடவென்று ஓடிய அந்த நாட்கள். உதட்டோரம் தானாகவே ஒரு சிரிப்பு வந்துவிட்டது.

வேட்டியை மடித்துக் கட்டினார்.

"மிளகோய்!"

அது அவருடைய ஆபீஸ் குரல் இல்லை. அப்படி ஒரு குரல் தனக்குள் இருந்ததே அவருக்கு மறந்துபோயிருந்தது. ஓடினார். தொந்தி குலுங்க, கைகள் கண்டபடி ஆட, "மிளகோய்! பிடி பார்க்கலாம்! பிடிக்க முடியாதே!" என்று கூவிக்கொண்டு ஓடினார். ரோஜாத் தொட்டி ஒன்று உருண்டது. ஒற்றைச் செருப்பு எங்கேயோ பறந்தது. அடுத்த வேனில் வந்தவர்கள் ஜன்னல் வழியாகக் கைதட்டினார்கள்.

மிளகின் காது நிமிர்ந்தது.

ஒயர் எங்கே இருந்தது, பீப் எங்கே வரும், எது கடிக்கும், அதையெல்லாம் அந்த நேரத்தில் யார் நினைத்தார்கள்? கறுப்பாக ஏதோ ஒன்று சாமியைத் தாண்டிப் பாய்ந்தது. தோட்டத்தைத் தாண்டியது. மாமரத்தடியில் தணிகாசலத்தின் முதுகில் போய் விழுந்தது. இரண்டு பேரும் உருண்டார்கள்.

கோமளாவின் கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது. அவர் அழுதாரா சிரித்தாரா என்று சொல்வது கஷ்டம், இரண்டும்தான். ஓடிவந்து பட்டையைக் கழற்றினார். அது இருந்த இடத்தில் முடி கொட்டித் தோல் சிவந்திருந்தது. தணிகாசலம் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். "தெரியாம செஞ்சுட்டேன்டி தாயே" என்றார். மிளகுக்கு அதைக் கேட்க நேரமில்லை. அவர் முகத்தை நக்கி முடித்து, சிந்திய சோற்றை நோக்கிப் போய்விட்டது.

எழுந்திருக்க மனமில்லாமல் அவர் மண்ணிலேயே மல்லாந்து கிடந்தார். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனை காலம் ஆயிற்று என்று அவருக்குத் தெரியவில்லை.

சாமி பக்கத்தில் வந்து நின்றார்.

"சாமி," என்றார் தணிகாசலம், மூச்சிரைக்க. "இனிமே பட்டையும் கிடையாது, ஒயரும் கிடையாது. மறுபடி வெளிய ஓடிட்டா என்ன பண்றது?"

"நீங்க உள்ள ஓடுங்க" என்றார் சாமி.