கெண்டியின் மூக்கு

தில்லைநாயகத்துக்கு ஒரு கெட்ட பழக்கம். எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அது நேராக இருக்கிறதா என்று பார்ப்பார். ரயில்வேயில் தண்டவாளம் பார்த்துப் பார்த்தே ஓய்வு பெற்றவர். பந்தியில் இலை போட்டால்கூட அதை நேராக்காமல் கை வைக்க மாட்டார், பாவி மனுஷன்.

அவருடைய ஆசிரியை ஜெசிந்தாவுக்கு வயது அவரில் பாதிதான். புதுச்சேரிக்கு வெளியே, முந்திரித் தோப்புக்கு நடுவில் பீங்கான் பட்டறை வைத்திருந்தார். இவர் அவரை "டீச்சர்" என்பார். அவர் இவரை "சார்" என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் யாரிடம் கற்கிறார் என்றே குழம்பிப்போகும்.

அன்று சார் ஒரு கெண்டி செய்திருந்தார். டீ ஊற்றுகிற கெண்டி, வெள்ளைப் பீங்கான் மண்ணில். அவருடைய முதல் கெண்டி. அதுவும் மகளுக்காக.

மகள் பூங்கோதை பேங்க் வேலையை விட்டுவிட்டுச் சைக்கிள் வாடகைக் கடை வைத்தவள். கடை திறந்த அன்றே, வந்தவர்கள் எதிரில், "போர்டும் கோணல், உன் புத்தியும் கோணல்" என்று இவர் சொல்லிவிட்டார். அன்றோடு அவள் பேச்சை நிறுத்தினாள். இப்போதுதான் போன் வந்திருக்கிறது. "வீட்டுக்கெல்லாம் வரல. ஞாயித்துக்கிழமை பட்டறைக்கு வர்றேன். ஒரு டீ குடிச்சிட்டுப் போயிடுவேன்."

"இந்தத் தடவையும் நான் எதையாவது சொல்லிச் சொதப்பிட்டா அவ திரும்பி வரவே மாட்டா டீச்சர்," என்றார் சார்.

"டீ குடிக்கத்தானே வர்றாங்க சார்?"

"அதில்ல டீச்சர். கோணலா இருக்குறதைப் பார்த்துட்டு மனுஷன் எப்படிச் சும்மா இருக்குறது? நீங்களே சொல்லுங்க."

சார் சக்கரத்தில் சுற்றி எடுத்திருந்த மூக்கை டீச்சர் கெண்டியில் ஒட்டிக் கொடுத்தார். பிறகு கத்தியை எடுத்து மூக்கின் நுனியைச் சாய்வாக ஒரு வெட்டு வெட்டினார்.

சார் ஒரு கண்ணை மூடினார்.

"டீச்சர், கை தவறிடுச்சு."

"தவறல."

"ஒரு பக்கமா சாஞ்சிருக்கே?"

"சாஞ்சுதான் இருக்கணும். தொடாதீங்க."

ஏன் என்று சார் கேட்பதற்குள் வாசலில் மண் வண்டி வந்து ஹாரன் அடித்தது. டீச்சர் எழுந்து போய்விட்டார்.

சாருக்கு மனசு கேட்கவில்லை. பாவம் டீச்சர், அசதியில் வெட்டிவிட்டு ஒத்துக்கொள்ள வெட்கப்படுகிறார் என்று தானே முடிவு கட்டிக்கொண்டார். கத்தியை எடுத்தார். நுனியைச் சீவி நேராக்கினார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். அப்பாடா என்று இருந்தது.

சூளையில் முதல் சூடு ஆன பிறகு, கெண்டியைக் கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சுக் கரைசலில் முக்கப்போன டீச்சர் மூக்கைப் பார்த்தார். அப்புறம் சாரைப் பார்த்தார். சார் சட்டென்று கூரையைப் பார்த்தார். டீச்சர் அதை அப்படியே முக்கி எடுத்து, அடிப்பாகத்தைத் துடைத்துவிட்டு, பெரிய சூட்டுக்காகச் சூளைக்குள் வைத்தார்.

ஞாயிறு காலை சூளை ஆறியிருந்தது. கதவைத் திறந்ததும் உள்ளே பாத்திரங்கள் டிங் டிங் என்று மெல்லச் சத்தம் போட்டன. சார் முண்டியடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, என்ன அழகு!" என்று கத்தியே விட்டார். கெண்டி முட்டை ஓடு போல வெளுத்து, கிளேஸ் தேங்கிய இடத்தில் மட்டும் லேசான நீலம் காட்டியது. பிறகுதான் மூக்கைக் கவனித்தார். நுனி இடது பக்கமாகத் திரும்பியிருந்தது. பக்கத்தில் டீச்சருடைய கெண்டிகள் இருந்தன. சாய்வாக வெட்டப்பட்டு உள்ளே போன அத்தனை மூக்கும் இப்போது நேராக நின்றன.

"என்ன டீச்சர் இது அநியாயம்?"

"சக்கரத்துல சுத்தும்போது மண்ணுல ஒரு முறுக்கு ஏறும் சார். சூட்டுல அது பிரியும். அது எந்தப் பக்கம் திரும்புமோ, அதுக்கு எதிர்ப்பக்கமா முன்னாடியே வெட்டி வெப்போம்."

"நான் சீவினதைக் கிளேஸ் போடும்போதே பார்த்துட்டீங்கல்ல?"

"பார்த்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"அதுக்குள்ள மண்ணு இறுகிடுச்சு சார். சொல்லி என்ன ஆகப்போகுது? உங்க தூக்கந்தான் கெட்டிருக்கும்."

சாருக்கு அழுகை வந்துவிட்டது. "உங்க கெண்டி ஒண்ணு குடுங்க டீச்சர். நான் செஞ்சதுன்னு சொல்லிடுறேன்."

டீச்சர் மறுக்கவில்லை. தன்னுடையதில் நல்லதாக ஒன்றை எடுத்து, சாருடைய கெண்டிக்குப் பக்கத்தில் மேஜைமேல் வைத்தார். டீ போட உள்ளே போனார்.

வெளியே சைக்கிள் மணி கேட்டது. பூங்கோதை வந்தாள். அப்பாவைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தவள், மேஜையைப் பார்த்தாள்.

"இதுல உங்களோடது எதுப்பா?"

சார் நேராக இருந்ததைப் பார்த்தார்.

"மூக்கு கோணலா இருக்குல்ல, அது."

"அப்ப அதுலயே டீ ஊத்துங்க," என்று உட்கார்ந்தாள்.

டீச்சர் அதில்தான் டீயை நிரப்பினார். சார் ஒரு கோப்பையை எடுத்து மகளுக்கு முன்னால் வைத்தார். பூங்கோதை கெண்டியைத் தூக்கிச் சாய்த்தாள். டீ இடது பக்கமாக ஓடி, கோப்பைக்கு வெளியே தட்டில் விழுந்தது.

கையைத் திருப்பு, இப்படிப் பிடி, மெதுவா ஊத்து என்று அத்தனையும் சாருக்குத் தொண்டை வரை வந்துவிட்டது. பாழாய்ப்போன பழக்கம், ஒரு கண்ணும் தானாக மூடிக்கொண்டது. பூங்கோதை அதைப் பார்த்துவிட்டாள். கை அப்படியே நின்றது.

"என்னப்பா? நான் ஊத்துறது சரியில்லையா?"

சார் பரிதாபமாக டீச்சரைப் பார்த்தார்.

"கோப்பையைக் கொஞ்சம் நகர்த்துங்க சார்," என்றார் டீச்சர்.

சார் கண்ணைத் திறந்தார். கோப்பையை இடது பக்கம் நகர்த்தினார்.