பூவணர் போட்ட கோடும் மூக்காண்டி ஓட்டிய தேரும்

ஒரு காலத்தில் வெண்ணாவல் நாட்டை மருதகேசரி என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். தங்கமான மனுஷர்தான். ஆனால் யாராவது கணக்கு என்று வாயைத் திறந்தால் போதும், கொட்டாவி விட்டுவிடுவார். இரண்டாவது எண்ணைச் சொல்வதற்குள் குறட்டை கேட்கும். எழுத்து வேலை முழுக்க ஓலைநாயகம் என்ற பதவியில் இருந்த பூவணர் கையில். ராஜா தூங்கத் தூங்க அவருக்குக் கொண்டாட்டம்.

தலைநகரை நான்கு பகுதியாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் குடும்பு என்று பெயர். குடும்புக்கு ஒரு குடம். தகுதியானவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி ஒன்றை எடுப்பார்கள். பெயர் வந்தவர் ஏரித் தண்ணீரைப் பங்கிடும் வாரியத்தில் உட்காருவார். வாரியத்தில் பாதிப்பேராவது தலையாட்டினால்தான் மதகு திறக்கும்.

அந்த வருஷம் ஊரில் தலை எண்ணினார்கள். ஆற்றங்கரையில் நெசவாளரும் சாயக்காரரும் குயவரும் பெருகி, முக்கால்வாசி ஜனம் அங்கேதான் இருந்தது. மேட்டுத் தெருவிலோ பெரிய பெரிய வீடெல்லாம் பூட்டிக் கிடந்தது. "ஜனத்துக்குத் தக்கபடி எல்லையை மாற்றுங்கள்" என்று சொல்லிவிட்டு ராஜா கண்ணை மூடினார். பூவணர் போட்டார் பாருங்கள் கோடு! அதுவரை இரண்டு குடும்பாக இருந்த ஆற்றங்கரையை ஒரே குடும்பில் திணித்தார். தன் சொந்தபந்தம் குடியிருந்த மேட்டுத் தெருவை மூன்றாக வெட்டினார். புது வாரியத்தில் மூன்று பேர் அவருடைய ஆட்கள். மறுநாளே ஆற்றங்கரைக்குத் தண்ணீர் விடும் தெற்கு மதகு மூடிக்கொண்டது. கோடையில் ஆறும் வறண்டு கிடந்தது. சாயத் தொட்டிகள் காய்ந்தன. குடிக்கத் தண்ணீர் வேண்டுமானால் வடக்குக் கோடிவரை நடக்க வேண்டும்.

ஆற்றங்கரையில் மூக்காண்டி என்று ஒருவன். தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவன். அத்தனை பெரிய தேரை ஒரு கட்டையைச் செருகித் திருப்புவான், நிறுத்துவான். போன வருஷம் ராஜா அவனுக்குப் பட்டு போர்த்தினார். அதிலிருந்து பூவணருக்கு அவனைக் கண்டாலே வயிற்றெரிச்சல். மூக்காண்டிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. நிறைமாதக்காரியான பேச்சாயி, அவன் பெண்டாட்டி, குடத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடப்பதைப் பார்த்தபோதுதான் நெஞ்சு கொதித்தது. நேரே அரண்மனைக்குப் போனான்.

"மகாராசா, புதுக் கோடு அநியாயமா இருக்குங்க."

பூவணர் சிரித்தார். "கட்டை போடுகிறவனுக்குக் கோட்டைப் பற்றி என்ன தெரியும்? நான்கு குடும்பு, நான்கு குடம். நான்கும் சமம்!"

"எங்க பக்கம் மட்டும் ஒன்பதாயிரத்து..."

"எண்ணா? ஐயோ, வேண்டாமப்பா!" ராஜா வாயைப் பொத்திக்கொண்டு கொட்டாவி விட்டார். "ஒரு எண்கூடச் சொல்லாமல் நிரூபி. உன் பக்கம் நியாயம் இருந்தால் கோட்டை மாற்றுகிறேன்."

"நிரூபிக்காவிட்டால்?" என்று பூவணர் எடுத்துக்கொடுத்தார்.

"ஊரைவிட்டுப் போகட்டும்" என்று பாதித் தூக்கத்திலேயே சொல்லிவிட்டார் ராஜா.

மூக்காண்டி யோசித்தான். இந்த நிலைமையில் பேச்சாயியை எங்கே கூட்டிக்கொண்டு போவான்? எண்ணே சொல்லாமல் ஜனக்கணக்கை எப்படிக் காட்டுவது? தலையைச் சொறிந்தான், மோட்டுவளையைப் பார்த்தான். சட்டென்று முகம் மலர்ந்தது.

"நாளைக்குத் தேர் மகாராசா. குடும்புக்கு ஒரு வடம். ஒரு குடும்பு வடத்தை அடுத்த குடும்பு தொடக்கூடாது. அது நம்ம வழக்கம். நீங்க தேருக்கு முன்னால நடந்து வந்தாப் போதும்."

"இவ்வளவுதானா? பேஷாக!" என்றார் பூவணர். அவர் வீடு தேரோடும் வீதியில், வலது கையோரம். செதுக்கிய தூண்களோடு புதுசாக முகப்பு எடுத்திருந்தார். ராஜா பார்த்து மெச்சட்டும் என்ற ஆசை அவருக்கு.

மறுநாள் காலை தேர் முன்னால் நான்கு வடங்களை நீட்டிப் போட்டார்கள். வலது கோடி வடம் ஆற்றங்கரைக்கு. அதைப் பிடிக்க வந்த கூட்டம் வீதி முனையைத் தாண்டி நின்றது. மற்ற மூன்றிலும் வடத்துக்கு ஒரு சின்னக் கும்பல்தான்: வாரியத்துப் பெரியவர், அவர் வேலையாட்கள், மோர் குடிக்க வந்த மாப்பிள்ளைகள்.

"இழு!" என்று சத்தம் கேட்டதும் ஆற்றங்கரை ஒரே மூச்சாக இழுத்தது. தேர் கிடுகிடுவென்று கிளம்பி வலப்பக்கம் திரும்பியது. ராஜா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓரமாகப் பாய்ந்தார். மூக்காண்டி கட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சக்கரத்தோடு சாவகாசமாக நடந்தான். தேர் பூவணர் வீட்டைப் பார்த்து வந்தது.

"டேய் மூக்காண்டி! திருப்புடா!"

"ஒத்தக் கட்டை என்ன பண்ணும் சாமி? நாலு வடமும் சமமா இழுத்தாத்தானே தேர் நேரா வரும்?"

"ஐயோ, என் முகப்பு! அந்த வடத்து ஆட்களைப் பிரித்து இந்தப் பக்கம் அனுப்புங்களேன்! அங்கே ஊரே நிற்கிறது, இந்த மூன்றிலும் ஆளே இல்லையே!" என்று பூவணர் தெரு அதிரக் கத்தினார்.

அப்போதுதான் மூக்காண்டி குனிந்து கட்டையைச் செருகினான். முதல் தூணுக்கு ஒரு முழம் முன்னால் தேர் முனகிக்கொண்டு நின்றது.

"அனுப்பக்கூடாதே சாமி! கோடு நீங்க போட்டதாச்சே!" என்றான் மூக்காண்டி. ராஜா பக்கம் திரும்பிக் கும்பிட்டான். "மகாராசா, நான் ஒரு எண்ணும் சொல்லலைங்க."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவிற்று. "நீ எங்கே சொன்னாய்? ஓலைநாயகம்தான் ஊர் கேட்கச் சொல்லிவிட்டாரே! நேற்று நான்கும் சமம் என்றீர். இன்றைக்கு ஆளே இல்லையா? தேர் இங்கேயே நிற்கட்டும். கோட்டை அழியுங்கள்!"

தெருவிலேயே சுண்ணாம்பால் புதுக் கோடு போட்டார்கள். ஆற்றங்கரை மூன்று குடும்பாயிற்று. மேட்டுத் தெரு எல்லாம் சேர்ந்து ஒன்று. அந்த ஒன்றின் வடத்தில் முதல் ஆளாகப் பூவணரைப் பிடிக்கச் சொன்னார் ராஜா. பாவம், தேர் நிலைக்கு வருவதற்குள் உள்ளங்கை இரண்டும் கொப்புளம். ஆனால் தேர் என்னவோ அம்பு மாதிரி நேராகப் போயிற்று.

"உனக்குப் பொன் வேண்டுமா, பூமி வேண்டுமா?" என்று ராஜா மூக்காண்டியைக் கேட்டார்.

"ரெண்டும் வேண்டாம் மகாராசா. இனிமே எப்பத் தலை எண்ணிக் கோட்டை மாத்தினாலும், தேரை ஒரு தடவை இழுத்துப் பார்த்துட்டு அப்புறம் முத்திரை வையுங்க."

அன்று மாலையே நான்கு குடமும் குலுங்கின. ஆற்றங்கரைக்கு மூன்று பேர் வாரியத்தில் போய் உட்கார்ந்தார்கள். அவர்கள் போட்ட முதல் உத்தரவில் தெற்கு மதகு திறந்தது. பேச்சாயி வீட்டு வாசலை விட்டு இறங்காமலே, முன்னால் ஓடிய வாய்க்காலில் குனிந்து குடத்தை நிரப்பிக்கொண்டாள்.