குமிழ் விழுந்த ஈரல்

அந்தக் காலத்தில் ஆடும் நாயும் மனிதரோடு வாய்விட்டுப் பேசின. பேச்சு அதிகம், யோசனை குறைவு. அதில் மூன்று பேருமே ஒன்றுதான்.

வானம் பார்த்த பூமி ஒன்றில் கூழாண்டி என்ற கீதாரி கிடை போட்டு ஆடு மேய்த்தான். கிடைக்குக் காவல் செவலை என்ற நாய். ஆடு அறுத்தால் கறி மனிதருக்கு, கழிவு நாய்க்கு என்று பேசி வைத்திருந்தார்கள். சில ஆடுகளின் ஈரலில் நீர்க்குமிழ்கள் இருக்கும். "சீ, இதை மனுசன் தின்பானா?" என்று கூழாண்டி அதைச் செவலைக்கு வீசுவான். செவலை வாலை ஆட்டிக்கொண்டு தின்னும். அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

மழை பொய்த்து ஊருணி வற்றியது. மிச்சமிருந்த குட்டையில்தான் ஆடு, நாய், ஆள் எல்லாம் குடித்தார்கள். கை கழுவத் தண்ணீர் எடுத்தால் கூழாண்டியின் மனைவி இருளாயி சண்டைக்கு வந்துவிடுவாள். மகள் சடைச்சியோ செவலையைக் கட்டிப் புரண்டுவிட்டு அதே கையால் கம்மஞ்சோறு தின்பாள்.

வருசங்கள் போயின. சடைச்சியின் வயிறு மெல்ல மெல்ல வீங்கியது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது, பிறகு படுத்துவிட்டாள். கூழாண்டி பயந்துபோய்க் குலசாமிக்கு நேர்ந்துகொண்டு கிடா வெட்டினான். அதன் ஈரலிலும் குமிழ்கள். பழக்கம் விடுமா? செவலை முன் வீசினான்.

சடைச்சி படுத்ததிலிருந்து செவலைக்குத் தீனி இறங்கவில்லை. அது அவன் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

"ஏன் தின்ன மாட்டேங்கிற?"

"நீங்க தின்பீங்களா?"

"எனக்கெதுக்கு? சீக்குப் பிடிச்சது."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்கு?"

கிடைக்குள்ளிருந்து கிழட்டு ஆடு ஒன்று பேசியது. "அந்தக் குமிழுதான் நாய் வயித்துல புழுவாகுது, கீதாரி. அது வெளிக்குப் போன புல்லை நாங்க மேயுறோம். எங்க ஈரல்ல மறுபடியும் குமிழாகுது. நாய் மேல ஒட்டினது உங்க பிள்ளை கை வழியா உள்ள போயிருச்சு."

"தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லலை?"

"அறுக்கும்போது கத்தினோமே, யாரு கேட்டீக?"

கூழாண்டி தடியை எடுத்துச் செவலை மேல் ஓங்கினான். செவலை நகரவில்லை. வீசிய கை யாருடையது என்று அவனுக்கே தெரிந்தது. தடியைப் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்தான். ஆழமாகக் குழி தோண்டி ஈரலைப் புதைத்து, மேலே முள் வைத்தான்.

சடைச்சி பிழைக்கவில்லை. எனக்கும் இதைச் சொல்ல மனசில்லைதான், ஆனால் நடந்தது அதுதான். அவளைத் தூக்கிப்போன பிறகு செவலை யாரோடும் பேசவில்லை.

அன்று முதல்தான் கூழாண்டியின் வழிவந்தவர்கள் குமிழ் ஈரலைப் புதைத்து முள் வைக்கிறார்கள். நாயினத்துக்குப் பேச்சு நின்றதும் அன்று முதல்தான். ஆனாலும் நாம் எதைப் போட்டாலும், வாய் வைக்குமுன் நாய் ஒரு தடவை நம் முகத்தைப் பார்க்கிறது. நாம்தான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறோம்.